ஒரு ஜன்னலைத் துடைக்க எவ்வளவு கேட்கலாம்? விலைக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் இந்தக் கேள்வியை நீங்களும் பார்த்திருப்பீர்கள்: “2 பிஎச்கே. ஜன்னல் மட்டும் க்ளீன் பண்ணணும். நல்ல ஆள் இருந்தா நம்பர் அனுப்புங்க. எவ்வளவு ஆகும்?”

கொஞ்ச நேரத்தில் பதில்கள் வரிசைகட்டும். “எங்க வீட்டுக்கு ஜன்னலுக்கு 50 ரூபாதான் வாங்கினாங்க” என்பார் ஒருவர். “எனக்கு மொத்தமா 1,500 ஆச்சு” என்பார் இன்னொருவர். “இதுக்கெல்லாமா காசு? பழைய பேப்பரும் தண்ணியும் போதுமே” என்று மூன்றாவது குரல் ஒன்று வரும்.

ஒரே குடியிருப்பு, ஒரே மாதிரி ஜன்னல்கள். விலை மட்டும் ஏன் இவ்வளவு வித்தியாசம்? 50 ரூபாய் சொன்னவருக்குக் கட்டுபடியாகிறதா? 1,500 சொன்னவர் ஏமாற்றுகிறாரா?

வேலைக்கு ஆள் தேடுபவராக இருந்தாலும் சரி, சின்னதாக ஒரு கிளீனிங் தொழில் தொடங்கலாம் என்று யோசிப்பவராக இருந்தாலும் சரி, இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் இதில் தப்பாகப் போட்ட விலைக்கு ஈடாக, யாரோ ஒருவர் ஐந்தாவது மாடி ஜன்னல் விளிம்பில் ஏறி நிற்க வேண்டியிருக்கும்.

முதலில், ‘ஒரு ஜன்னல்’ என்றால் என்ன?

குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. பழைய வீடுகளில் மரச்சட்டம், கம்பி, நான்கு சின்னக் கதவுகள் இருக்கும். அதுவும் ஒரு ஜன்னல். புது அபார்ட்மென்ட்டில் யுபிவிசி அல்லது அலுமினிய ஸ்லைடிங்; இரண்டு கண்ணாடி ஷட்டர், ஒரு கொசுவலை ஷட்டர். அதுவும் ஒரு ஜன்னல். பாத்ரூமில் பட்டை பட்டையாகக் கண்ணாடி செருகிய வென்டிலேட்டர், அதுவும் ஒன்று. தரையிலிருந்து கூரை வரை நிற்கும் பால்கனிக் கதவையும் பலர் ‘ஒரு ஜன்னல்’ என்றுதான் எண்ணுகிறார்கள்.

பாத்ரூம் வென்டிலேட்டர் பார்க்கச் சின்னதுதான். ஆனால் ஒவ்வொரு பட்டையையும் தனித்தனியாக இரண்டு பக்கமும் துடைக்க வேண்டும். சோப்புக் கறை வேறு ஒட்டியிருக்கும். பெட்ரூம் ஜன்னலுக்கு ஆகும் நேரம் இதற்கும் ஆகிவிடும்.

அதனால் ஜன்னலை எண்ணாமல், அதில் உள்ள வேலைகளை எண்ண வேண்டும்: கண்ணாடி எத்தனை, ஒரு பக்கமா இரண்டு பக்கமா, கொசுவலை உண்டா, கிரில் உள்ளேயா வெளியேயா, ஷட்டர் ஓடும் ட்ராக்கில் எவ்வளவு மண். பெரும்பாலும் கண்ணாடியைவிட ட்ராக்கும் வலையும்தான் அதிக நேரத்தைத் தின்னும்.

விலை சொல்ல எத்தனை வழி இருக்கிறது?

நடைமுறையில் நான்கு வழிகள்.

ஜன்னல் கணக்கு: சொல்ல எளிது, கேட்கவும் எளிது. ஆனால் மேலே பார்த்ததுபோல ஜன்னலுக்கு ஜன்னல் வேலை மாறும்.

சதுர அடி கணக்கு: அலுவலகக் கட்டடங்களின் கண்ணாடி முகப்புக்கு இது பொருந்தும். வீட்டுக்குச் சரிவராது. 10 சதுர அடி வென்டிலேட்டரும் 10 சதுர அடி நேர்க்கண்ணாடியும் ஒரே வேலை இல்லை.

மணிக் கணக்கு: நியாயமாகத் தோன்றும். ஆனால் இதில் ஒரு விசித்திரம் உண்டு. கை பழகியவர் இரண்டு மணி நேரத்தில் முடிப்பார். புதியவர் நான்கு மணி நேரம் எடுப்பார். மணிக்கு இவ்வளவு என்றால் புதியவருக்குத்தான் அதிகக் காசு போகும். வேகமாக, சுத்தமாகச் செய்பவருக்கு அபராதம் போட்ட மாதிரி ஆகிவிடும்.

மொத்த வேலைக் கணக்கு: “இந்த வீட்டுக்கு, இந்த இந்த வேலைக்கு, இவ்வளவு.” வீட்டுக்காரருக்கும் செலவு முன்கூட்டியே தெரியும். வேலை செய்பவரின் திறமைக்கும் பலன் கிடைக்கும்.

இதில் அனுபவசாலிகள் கையாளும் முறை ஒன்றுதான்: கணக்குப் போடுவது மணியில், விலை சொல்வது மொத்த வேலைக்கு. மணிக்கணக்கு உங்கள் நோட்டுக்குள் இருக்கட்டும். வாடிக்கையாளருக்குப் போக வேண்டியது ஒரே ஒரு எண்.

சரி, ஒரு மணி நேரத்தின் விலையை எப்படிக் கண்டுபிடிப்பது?

சென்னையில் பைக்கில் போய்த் தனியாக வேலை செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கீழே உள்ளவை உதாரண எண்கள்தான். உங்கள் ஊர், உங்கள் செலவுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்; முறை மாறாது.

மாதக் கடைசியில் கையில் நிற்க வேண்டியது: 25,000 ரூபாய்.
பெட்ரோல்: 3,000
கிளீனிங் லிக்விட், துணி, வைப்பர் ரப்பர்: 1,500
பைக், ஏணி, கருவிகள் தேய்மானத்துக்கு எடுத்து வைப்பது: 2,000
போன், விளம்பரம், இன்சூரன்ஸ்: 1,000
உடைப்பு, உடம்பு சரியில்லாத நாள், வேலை இல்லாத வாரத்துக்கான சேமிப்பு: 2,500

மொத்தம் 35,000 ரூபாய்.

அடுத்து நேரம். மாதத்தில் 30 நாள் இருந்தாலும் வேலை கிடைப்பது 20 நாள் என்று வைப்போம். ஒரு நாளில் 9 மணி நேரம் வெளியே இருந்தாலும், துடைக்கும் நேரம் 5 மணிதான். மீதி எல்லாம் டிராபிக்கில், செக்யூரிட்டியிடம் என்ட்ரி போடுவதில், லிப்ட்டுக்குக் காத்திருப்பதில், சாமான்களை இறக்கி ஏற்றுவதில் போய்விடும். இந்த நேரத்துக்கு யாரும் தனியாகக் காசு தருவதில்லை.

20 நாள், நாளுக்கு 5 மணி. மாதத்துக்கு 100 மணி நேரம். 35,000 ரூபாயை 100-ஆல் வகுத்தால் மணிக்கு 350 ரூபாய்.

‘ஜன்னல் துடைக்க மணிக்கு 350-ஆ?’ என்று தோன்றுகிறதா? இதில் சம்பளம் 250 மட்டும்தான். அதுவும் அந்த 5 மணியோடு, காசு கிடைக்காத மற்ற 4 மணி நேரத்தையும் சேர்த்துத்தான். நாள் முழுக்கப் பரப்பிப் பார்த்தால் மணிக்கு 140 ரூபாய்கூட வராது.

இப்போது அந்த 2 பிஎச்கே வீட்டுக்கு வருவோம்

இரண்டு பெட்ரூமில் நான்கு ஸ்லைடிங் ஜன்னல்கள். ஹாலில் ஒரு பால்கனிக் கதவு. கிச்சனில் ஒன்று. பாத்ரூம் வென்டிலேட்டர் இரண்டு. மொத்தம் எட்டு.

கண்ணாடி, வலை, ட்ராக், கிரில் எல்லாம் சேர்த்து பெட்ரூம் ஜன்னல் ஒன்றுக்கு 20 நிமிடம் என்றால் நான்குக்கு 80 நிமிடம். பால்கனிக் கதவு 30 நிமிடம். எண்ணெய்ப் பிசுக்கு படிந்த கிச்சன் ஜன்னல் 30 நிமிடம். வென்டிலேட்டர் இரண்டும் 40 நிமிடம். மொத்தம் 180 நிமிடம். அதாவது 3 மணி நேரம்.

3 × 350 = 1,050 ரூபாய். இதுதான் அந்த வீட்டுக்கான அடிப்படை விலை.

அதே வீட்டுக்கு ‘ஜன்னலுக்கு 50’ என்று சொன்னவருக்குக் கிடைப்பது 400 ரூபாய். மாதம் 100 மணி நேரத்தில் இதுபோல 33 வீடுகள் முடிக்கலாம். 33 × 400 = 13,200. அதில் செலவும் சேமிப்பும் 10,000 போனால் மிச்சம் 3,200 ரூபாய். சேமிப்பே வேண்டாம் என்று விட்டாலும் 5,700-ஐத் தாண்டாது. ஒரு மாத உழைப்புக்கு!

அப்புறம் எப்படி அவர் தொழிலில் நீடிக்கிறார்? மூன்றில் ஒன்று நடக்கும். ட்ராக், வலை, வென்டிலேட்டரைத் தொடாமல் கண்ணாடியை மட்டும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு 40 நிமிடத்தில் கிளம்புவார். அல்லது வந்த பிறகு “கறை அதிகமா இருக்கு மேடம், கூட 500 ஆகும்” என்பார். அல்லது தேய்ந்த ரப்பர், பழைய ஏணி, இல்லாத பெல்ட் என்று தன் பாதுகாப்பில் கை வைப்பார்.

அதிகமாகக் கேட்டதாகத் தோன்றிய அந்த 1,500-க்கும் காரணம் இருக்கலாம். அதை அடுத்துப் பார்ப்போம்.

எல்லா அழுக்கும் ஒரே அழுக்கு இல்லை

நாம் 20 நிமிடம் என்று போட்டது சாதாரணத் தூசிக்கு. விலையைத் தலைகீழாக மாற்றும் அழுக்குகள் வேறு இருக்கின்றன.

உப்புக் கறை: சென்னையில் பலருக்கும் பழக்கமான வெள்ளைத் திட்டு. போர் தண்ணியிலும் லாரித் தண்ணியிலும் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் இருக்கும். தண்ணீர் காய்ந்ததும் உப்பு கண்ணாடியிலேயே தங்கிவிடும். சோப்புத் தண்ணிக்கு இது அசையாது. வினிகர், சிட்ரிக் ஆசிட் போன்ற மென்மையான அமிலம்தான் கரைக்கும். ஆனால் அதே அமிலம் ஜன்னல் திட்டில் பதித்த மார்பிளில் சொட்டினால் பளபளப்பு போய்விடும், அலுமினியச் சட்டத்திலும் கறை விழலாம். மூடி, நனைத்து, ஊறவிட்டு, கழுவ வேண்டும். நேரம் இரண்டு மடங்காகும். வருடக்கணக்கில் படிந்து கண்ணாடியையே அரித்துவிட்ட கறை போகாது. அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

பெயின்ட், சிமென்ட் துளிகள்: புது வீடு அல்லது பெயின்டிங் முடிந்த வீடு. பிளேடு வைத்துச் சுரண்ட வேண்டிய வேலை. கண்ணாடி காய்ந்திருந்தாலோ, பிளேடில் மணல் சிக்கியிருந்தாலோ நிரந்தரக் கீறல் விழும். இதைச் சாதாரண கிளீனிங் விலையில் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. தனி வேலை, தனி விலை.

சன் கன்ட்ரோல் பிலிம்: வெயிலுக்காகக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பிலிமில் பிளேடு பட்டால் கிழியும். அமோனியா கலந்த லிக்விடும் ஆகாது. பிலிம் இருக்கிறதா என்று கேட்காமல் வேலையைத் தொடங்கினால், ஒரு நாள் வருமானம் மொத்தமும் புது பிலிமுக்குப் போய்விடும்.

கடல் காற்று: பெசன்ட் நகர், திருவான்மியூர், ஈ.சி.ஆர். பக்கம் உப்புப் படலம் சீக்கிரமே திரும்ப வரும். துடைப்பது எளிது, ஆனால் அடிக்கடி துடைக்க வேண்டும். அங்கே ஒரு தடவை வேலையைவிட மாதாந்திர ஒப்பந்தம் இரு தரப்புக்கும் லாபம்.

எளிய முறை: தூசி மட்டும் என்றால் அடிப்படை விலை. உப்புக் கறை இருக்கும் ஜன்னல்களுக்கு ஆகும் கூடுதல் நேரத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் உதாரண வீட்டில் பெட்ரூம் ஜன்னல்கள் நான்கிலும் உப்புக் கறை என்றால் 80 நிமிடம் 160 நிமிடமாகும். கூடுதல் 80 நிமிடத்துக்கு சுமார் 470 ரூபாய். மொத்தம் 1,520. அந்த 1,500 ரூபாய்க்காரர் ஏமாற்றவில்லை. கறையைப் பார்த்துவிட்டு விலை சொல்லியிருக்கிறார்.

ஒரே ஒரு ஜன்னலுக்குக் கூப்பிட்டால்?

“ஹால் ஜன்னல் ஒண்ணுதான், 100 ரூபா வாங்கிக்கோங்க” என்பது அடிக்கடி வரும் அழைப்பு. வேலை 20 நிமிடம்தான். ஆனால் தாம்பரத்திலிருந்து அண்ணா நகர் போய்த் திரும்பினால் அரை நாள் காலி.

அதற்குத்தான் குறைந்தபட்சக் கட்டணம். நம் கணக்கில் ஒரு நாளுக்கு 1,750 ரூபாய் வர வேண்டும். நாளுக்கு இரண்டு வீடு என்றால் ஒரு வீட்டுக்கு 875. எனவே எவ்வளவு சின்ன வேலையானாலும் 875-க்குக் குறைந்தால் தூரமாகப் போவதில் அர்த்தம் இல்லை. அதே தெருவில் ஏற்கெனவே வேலை இருந்தால் 300, 400-க்கும் செய்து கொடுக்கலாம். ஏனென்றால் பயணச் செலவை இன்னொரு வீடு கொடுத்துவிட்டது.

ஆப் மூலம் வேலை வந்தால் கணக்கு மாறுமா?

மாறும். இங்கே பலர் செய்யும் தப்பு ஒன்று இருக்கிறது. உதாரணத்துக்கு கமிஷன் 25 சதவீதம் என்று வைப்போம். ‘350-ல் 25 சதவீதம் கூட்டினால் 437, சரியாப் போச்சு’ என்று நினைப்பார்கள். ஆனால் கமிஷன் பிடிப்பது 437-லிருந்து. அதில் 25 சதவீதம் போனால் கையில் 328-தான் நிற்கும்.

கூட்டக் கூடாது, வகுக்க வேண்டும். 350-ஐ 0.75-ஆல் வகுத்தால் 467 ரூபாய். இதில் 25 சதவீதம் போனால்தான் 350 கிடைக்கும். பல ஆப்களில் விலையை ஆப்தான் முடிவு செய்கிறது. அப்போதும் இந்தக் கணக்கு உதவும்: அந்த விலையில் கமிஷன் போக, உங்கள் மணி விலை கிடைக்கிறதா என்று பார்த்து வேலையை ஏற்கலாம், விடலாம்.

ஜிஎஸ்டி போட வேண்டுமா?

சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. நம் உதாரணத்தில் மாதம் 35,000 என்றால் ஆண்டுக்கு 4.2 லட்சம்தான். பதிவு செய்யாதவர் பில்லில் ஜிஎஸ்டி என்று ஒரு தொகையைச் சேர்த்து வாங்கக் கூடாது. வாடிக்கையாளர்கள் கவனிக்க: பில்லில் ஜிஎஸ்டி இருந்தால் ஜிஎஸ்டி எண்ணும் இருக்க வேண்டும்.

மாடி ஏற ஏற விலை ஏறுமா?

இந்தக் கட்டுரையில் முக்கியமான கேள்வி இதுதான்.

தரைத்தளத்துக்கு இவ்வளவு, ஐந்தாவது மாடிக்கு இத்தனை மடங்கு என்று ரேட் கார்டு போடுபவர்கள் இருக்கிறார்கள். லிப்ட் இல்லாத கட்டடத்தில் சாமான்களைச் சுமந்து ஏற கூடுதலாகக் கேட்பது நியாயம். பெரிய ஏணி, நீளமான கழி கொண்டுவர வேண்டியிருந்தால் அதற்கும் கேட்கலாம்.

ஆனால் ஆபத்துக்கு விலை போடக் கூடாது. “200 ரூபா சேர்த்துத் தர்றேன் தம்பி, சன்ஷேடு மேல இறங்கி வெளிப்பக்கமும் தொடச்சு விட்டுடுங்க” என்ற பேச்சு வரும்போது, சொல்ல வேண்டியது ‘300 கொடுங்க’ என்பதல்ல. ‘முடியாது சார்’ என்பதுதான். சன்ஷேடு வெயிலையும் மழையையும் மறைக்கக் கட்டியது; ஆள் நிற்பதற்காக அல்ல. கழுவிய தண்ணீரில் அதுவே வழுக்கும்.

உள்ளே தரையில் இரண்டு காலையும் ஊன்றி நின்றபடி எவ்வளவு தூரம் கை எட்டுமோ, எவ்வளவு தூரம் கழி எட்டுமோ, அவ்வளவுதான் வீட்டு ஜன்னல் வேலை. ஸ்லைடிங் ஷட்டரை ஒரு பக்கமாகத் தள்ளி, திறந்த பக்கத்தின் வழியே கழி வைத்த வைப்பரால் வெளிப்பக்கத்தின் பெரும்பகுதியைத் துடைத்துவிடலாம். ஷட்டரையே கழற்றி உள்ளே எடுத்துத் துடைப்பவர்களும் உண்டு. மேல் மாடிகளில் அது கை நழுவினால் கீழே போகிறவர் தலையில்தான் விழும். கிரில் இல்லாத ஜன்னலில் அதைச் செய்யவே கூடாது.

எட்டாத கண்ணாடிக்குக் கயிற்றில் இறங்கிச் செய்பவர்கள் தனி. அது வேறு தொழில். பயிற்சி வேறு, கருவி வேறு. உடல் முழுக்க மாட்டும் பாதுகாப்பு பெல்ட்டுக்கு ஐ.எஸ். 3521 என்ற இந்தியத் தர அளவுகோல் இருக்கிறது. பெல்ட் மட்டும் போதாது, அதை மாட்ட மொட்டை மாடியில் உறுதியான பிடிமானமும் வேண்டும். இதைத் தனி வீட்டுக்காரர் பேரம் பேசி முடிக்க முடியாது. குடியிருப்போர் சங்கம் மொத்தக் கட்டடத்துக்கும் சேர்த்து, அதற்கென உள்ள நிறுவனத்திடம் கொடுக்க வேண்டிய வேலை.

மேலே செலவுப் பட்டியலில் இன்சூரன்ஸ் என்று ஒரு வரி இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? வங்கிக் கணக்கு உள்ள 18 முதல் 70 வயது வரையிலானவர்கள் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டிச் சேரலாம். விபத்தில் உயிரிழப்பு அல்லது முழு ஊனத்துக்கு 2 லட்சம், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு 1 லட்சம் ரூபாய் காப்பீடு. ஒரு குடும்பத்தைக் காப்பாற்ற இது போதாதுதான். ஆனால் இதுகூட இல்லாமல் ஏணியில் ஏறக் கூடாது.

விலையை எப்படிச் சொல்வது?

போனில் “எவ்வளவுங்க?” என்றதும் ஒரு எண்ணைச் சொல்லிவிடுவதுதான் பாதிச் சண்டைக்குக் காரணம். முதலில் கேளுங்கள்:

– எத்தனையாவது மாடி? லிப்ட் உண்டா?
– ஸ்லைடிங்கா, கதவு மாதிரித் திறப்பதா? கிரில் உள்ளேயா வெளியேயா?
– கடைசியாக எப்போது துடைத்தது?
– வெள்ளைத் திட்டு, பெயின்ட் துளி, பிலிம் இருக்கிறதா?
– ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு போட்டோ அனுப்ப முடியுமா?

போட்டோவைப் பார்த்துக் கணக்குப் போட்ட பிறகு வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்புங்கள். இப்படி:

“வணக்கம் மேடம். பெட்ரூம் ஜன்னல் 4, பால்கனிக் கதவு 1, கிச்சன் 1, வென்டிலேட்டர் 2. கண்ணாடி உள்பக்கம், கை எட்டும் வெளிப்பக்கம், வலை, ட்ராக், கிரில் எல்லாம் சேர்த்து 1,050 ரூபாய். உப்புக் கறை எடுப்பது இதில் சேராது. வேண்டுமென்றால் ஜன்னலுக்கு 120 கூடுதல். சுமார் 3 மணி நேரம் ஆகும். தண்ணீர் மட்டும் நீங்கள் தர வேண்டும்.”

என்ன சேரும், என்ன சேராது, எவ்வளவு நேரம் ஆகும் என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. வேலை தொடங்கும் முன் ஏற்கெனவே இருக்கும் கீறல், விரிசலை வீட்டுக்காரருக்குக் காட்டி ஒரு போட்டோ எடுத்துக்கொள்வதும் நல்ல பழக்கம்.

இரண்டு பேர் போய் ஒன்றரை மணி நேரத்தில் முடித்தால், “இவ்ளோ சீக்கிரம் முடிஞ்சிடுச்சே, ஆயிரமா?” என்று கேட்பார்கள். மொத்த வேலைக்கு விலை சொல்லியிருந்தால் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. ஆள் இரண்டு, நேரம் பாதி. உழைப்பு அதே 3 மணிதான்.

பேரம் பேசினால் குறைக்கலாமா?

குறைக்கலாம், செலவு குறைந்தால். சும்மா கேட்டதற்காகக் குறைத்தால், முதலில் சொன்ன விலை பொய் என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

ஒரே பிளாக்கில் இரண்டு வீடு சேர்ந்து வந்தால் பயணமும் காத்திருப்பும் மிச்சம். அன்று 5 மணிக்குப் பதில் ஆறரை மணி நேரம் துடைக்க முடிந்தால், 1,750 ரூபாய் சம்பாதிக்க மணிக்கு 270 போதும். அப்படியானால் இரண்டு வீட்டுக்கும் 15 சதவீதம் குறைத்தாலும் நஷ்டமில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொன்னால் அடுத்த முறை அழுக்கு குறைவு, நேரமும் குறைவு. அதற்குத் தனி விலை போடலாம். தீபாவளி, பொங்கலுக்கு முன் எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள். அதன் பிறகு வரும் அமைதியான வாரங்களில் குறைத்துக் கொடுக்கலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை என்பதால், சென்னையில் முழு கிளீனிங்கை மழை ஓய்ந்த பிறகு வைத்துக்கொள்வது வீட்டுக்காரருக்கும் மிச்சம்.

இதில் எதுவும் இல்லாமல் “800-க்கு முடிச்சுக் கொடுங்க” என்றால்? விலையைக் குறைக்காமல் வேலையைக் குறையுங்கள். “சரிங்க மேடம், வென்டிலேட்டர் ரெண்டையும் விட்டுடலாம், 800-க்கு முடிச்சுடலாம்.” 40 நிமிடம் குறைகிறது, சுமார் 230 ரூபாய் குறைகிறது. கணக்கு சரியாகவே இருக்கும்.

வீட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டியது

அடுத்த முறை மூன்று பேரிடம் விலை கேட்கும்போது எண்ணை மட்டும் ஒப்பிடாதீர்கள். வலையும் ட்ராக்கும் சேருமா என்று கேளுங்கள். கறைக்குத் தனிக் காசா என்று கேளுங்கள். விலை சொல்லும் முன் போட்டோ கேட்டவர் யார் என்று பாருங்கள். அவர் வேலையை எடைபோடத் தெரிந்தவர்.

கடைசியாக ஒன்று: “வெளிப்பக்கத்தை எப்படித் துடைப்பீங்க?” என்று மறக்காமல் கேளுங்கள். “கழி வெச்சு உள்ள நின்னே எட்டுற வரைக்கும் தொடைப்பேன், எட்டாததை விட்டுடுவேன்” என்று பதில் வந்தால் அந்த விலையை நம்பலாம். “அதெல்லாம் ஏறி நின்னு பண்ணிடுவோம் சார், கவலைப்படாதீங்க” என்றால், எவ்வளவு குறைவாகச் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வெளிப்பக்கக் கண்ணாடியில் கொஞ்சம் தூசி இருந்துவிட்டுப் போகட்டும். அடுத்த மழை பாதியைக் கழுவிவிடும்.